அக்காளின் பெருக்கல் கணக்கு

வீட்டில் ஒருவர் கடல் கடந்து வேலைக்குச் சென்றுவிட்டால், ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் பெருக்கல் வாய்பாடு தானாகவே வந்துவிடுகிறது. அங்கே மாதம் இவ்வளவு. இன்றைய நாணய மாற்று இவ்வளவு. பெருக்கினால் இத்தனை லட்சம். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காத பெற்றோர் உண்டோ? எங்கள் அக்காளும் போட்டாள். அவள் போட்டதோடு நில்லாமல் எங்களையும் போட வைத்தாள். அதன் பயனாக ஒரு நல்ல பிள்ளைக்கு நாங்கள் ஒரு கொடிய கடிதம் எழுதினோம். அந்தக் கடிதத்தின் வரலாற்றையும், அதன் பின்னர் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரு சம்பளக் கணக்கையும் நம் சங்கத்து அன்பர்களிடம் சொல்லிவிட வேண்டும் என்று நெடுநாளாக எண்ணம். 'நாங்கள்' என்றால் கணவனும் மனைவியும். எழுதுவது ஒரு கையாயினும் குற்றத்தில் இருவருக்கும் பங்கு உண்டு.

2018ஆம் ஆண்டு ஆனி மாதம் அக்காள் பாளையங்கோட்டையிலிருந்து தொலைபேசியில் அழைத்தாள். அவளுடைய மூத்த மகன் அப்போது ஜெனீவா நகரில், ஐக்கிய நாடுகள் குடும்பத்தைச் சேர்ந்த ஓர் அமைப்பில் அலுவலராக இருந்தான். எந்த அமைப்பு என்பது இங்கு வேண்டாம். ஊரில் பாட்டனார் கட்டிய வீட்டின் மச்சுக் கட்டைகள் செல்லரித்துப் போயிருந்தன. ஐப்பசி மழைக்கு முன் கூரையைப் பிரித்துப் புதிதாகப் போட வேண்டும். கொத்தனார் சொன்ன மதிப்பு பன்னிரண்டு லட்சம். மகனோ, "இப்போது நான்கு லட்சம்தான் அம்மா முடியும். மேற்கு அறைகளை மட்டும் முதலில் போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டான்.

"அவனுடைய இரண்டு மாதச் சம்பளம் இந்த வீட்டுக் கூரைக்குப் போதும். டாலரில் வாங்குகிறான். வரியும் கிடையாதாம். நீ ஒரு வார்த்தை எழுது, தம்பி. நீ சொன்னால் கேட்பான்" என்றாள்.

நாங்கள் எழுதினோம். பெற்றவளுக்கு ஒரு கூரை போட்டுத் தர இயலாத சம்பளம் எவ்வளவு பெரிதானால் என்ன என்பது போல் ஒரு வாக்கியம் அதில் இருந்தது. எழுதும்போது அது நயமாகவே தோன்றியது. பதில் வரவில்லை. மார்கழியில் அவனே வந்தான். ஊருக்குப் போகும் வழியில் தில்லியில் எங்களோடு மூன்று இரவுகள் தங்கினான். இரண்டாம் நாள் இரவு உணவுக்குப் பின், கணப்பின் அருகில் அமர்ந்து, பையிலிருந்து தன் ஊதியச் சீட்டை எடுத்து மேசைமேல் வைத்தான். "மாமா, அத்தை, கோபமாக எழுதிவிட்டீர்கள். பரவாயில்லை. ஆனால் இதைப் பார்த்துவிட்டுக் கோபப்படுங்கள்" என்றான்.

சீட்டில் இரண்டு பெரிய தொகைகள் இருந்தன. ஒன்று அடிப்படைச் சம்பளம். மற்றொன்று, ஏறக்குறைய அதே அளவுக்கு உயர்ந்து நின்ற, 'போஸ்ட் அட்ஜஸ்ட்மெண்ட்' என்னும் தொகை. தமிழில் பணியிடச் சரிக்கட்டு எனலாம். அரசாங்கச் சம்பளத்தில் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்த எங்களுக்கு அந்த இரண்டாம் வரி வியப்பாக இருந்தது. அகவிலைப்படியை அறிவோம், அந்நாளில் பஞ்சப்படி என்றே சொல்வார்கள். ஆனால் இது அதுவன்று.

அவன் விளக்கியதையும், பின்னர் நாங்களே தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறோம். முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கம் தோன்றியபோதே இந்தச் சிக்கலும் தோன்றிவிட்டது. பல நாட்டவர் ஒரே மேசையில் அமர்ந்து ஒரே வேலையைச் செய்கின்றனர். அவர்களுக்கு எந்த நாட்டுச் சம்பளம்? ஏழை நாட்டவனுக்கு அவன் நாட்டுச் சம்பளம், செல்வ நாட்டவனுக்கு அவன் நாட்டுச் சம்பளம் என்று கொடுத்தால் அந்த மேசை நிலைக்குமா? ஜார்ஜ் நோப்ளமேர் என்ற பிரெஞ்சுக்காரர் தலைமையில் அமைந்த குழு 1921ஆம் ஆண்டில் ஒரு நெறி வகுத்தது. எந்த நாட்டின் அரசு ஊழியர் மிக உயர்ந்த ஊதியம் பெறுகின்றனரோ, அந்த நாட்டவரும் விரும்பி வருமளவுக்கு ஊதியம் இருக்க வேண்டும். அதனையே எல்லா நாட்டவர்க்கும் கொடுக்க வேண்டும். அன்று அளவுகோலாக நின்றது பிரிட்டிஷ் அரசுப் பணி. ஐக்கிய நாடுகள் அமைப்புகளுக்கு அந்த அளவுகோல் அமெரிக்க நடுவண் அரசுப் பணியாகியது. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க அலுவலரைவிட, நியூயார்க்கில் உள்ள பன்னாட்டு அலுவலரின் நிகர ஊதியம் நூற்றுக்குப் பத்து முதல் இருபது வரை கூடுதலாக இருக்கலாம் என்பது வரையறை. சொந்த நாட்டை விட்டு வந்து வேலை செய்பவர்க்கு அந்தக் கூடுதல்.

(இதைப் பின்னர் அக்காளிடம் சொன்னபோது, கூரையை மறந்துவிட்டு, "வெள்ளைக்காரனுக்கும் நம் பிள்ளைக்கும் ஒரே சம்பளமா?" என்று இரண்டு முறை கேட்டாள். ஆமாம் என்றோம். அன்று முழுவதும் மகிழ்ச்சியாக இருந்திருப்பாள்.)

அடிப்படைச் சம்பளம் உலகெங்கும் ஒன்றே. ஆனால் ஒரே தொகையைக் கொண்டு ஜெனீவாவிலும் நைரோபியிலும் ஒரே வாழ்க்கை வாழ முடியாது. ஆகவே நியூயார்க்கை அடிநிலையாகக் கொண்டு, மற்ற ஊர்களில் அதே வாழ்க்கைக்கு என்ன செலவாகும் என்று ஒப்பிடுகின்றனர். விலைவாசி மிகுந்த ஊரில் சரிக்கட்டுப் புள்ளிகள் ஏறும். மலிந்த ஊரில் இறங்கும். ஒரு புள்ளி என்பது நிகர அடிப்படைச் சம்பளத்தில் நூற்றில் ஒரு பங்கு. விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: அடிப்படை 6,000 டாலர் எனக் கொள்வோம். புள்ளி 80 உள்ள ஊரில் கையில் வருவது 10,800; புள்ளி 30 உள்ள ஊரில் 7,800. இருவரும் ஒரே படிநிலை, ஒரே வேலை. ஒருவர் மற்றவரைவிட மூவாயிரம் டாலர் அதிகம் வாங்குகிறார். ஆனால் கணக்கின்படி இருவரும் சமமாகவே வாங்குகின்றனர்! இந்த முரண்பாட்டை விழுங்க எங்களுக்கு அன்றிரவு சிறிது நேரம் பிடித்தது.

இந்த வேலையைக் கவனிப்பது பன்னாட்டுக் குடிப்பணி ஆணையம். அதன் சட்டவிதிகளை ஐக்கிய நாடுகளின் பொதுச்சபை 1974இல் ஏற்றது. ஆணைய உறுப்பினர் பதினைவர். தலைமையிட நகரங்களில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பெரிய விலைக் கணக்கெடுப்பு நடக்கும். ஆய்வாளர்கள் கடை கடையாகச் செல்வர். அரிசி, பால், சட்டை, முடிவெட்டும் கூலி, பேருந்துக் கட்டணம் என்று நூற்றுக்கணக்கான பண்டங்கள். நியூயார்க்கில் எந்தத் தரமோ அதே தரம் இங்கும் இருக்க வேண்டும். வீட்டு வாடகை தனியே. இன்ன பண்டத்துக்குக் குடும்பச் செலவில் எவ்வளவு பங்கு என்பதை ஊழியர்களே வினாத்தாள்களில் எழுதித் தர வேண்டும். எழுதித் தருவது பெருந்தொல்லை என்றான் மருமகன். பாதிப் பேர் சலித்துக்கொண்டு விட்டுவிடுவார்களாம். பிறகு கணக்கு பிழை என்று கூச்சலிடுவதிலும் அவர்களே முதலில் நிற்பார்களாம். இது எல்லா அலுவலகத்துக்கும் பொது.

ஜெனீவாவில் கறிவேப்பிலை கிடைக்கும். 1983க்குப் பின் சுவிட்சர்லாந்துக்குச் சென்ற ஈழத் தமிழ் மக்கள் அங்கே கடைகள் நடத்துகின்றனர். அந்தக் கடையில் உளுந்தும் புளியும் வாங்கும் எங்கள் மருமகனின் வீட்டுச் செலவும் அந்த வினாத்தாளில் ஏறுகிறது. ஆனால் பிரெஞ்சுக்காரரின் பாலாடைக்கட்டியோடும் ஜப்பானியரின் மீனோடும் சேர்ந்து சராசரியில் கரைந்துவிடுகிறது. யாருடைய கூடையும் அல்லாத ஒரு கூடை உருவாகிறது. வேறு வழியும் தெரியவில்லை.

அக்காளின் பெருக்கல் எங்கே பிழைத்தது என்பது நாணய மாற்றைப் பற்றி அவன் சொன்னபோதுதான் புலப்பட்டது. சம்பளம் டாலரில் கணக்கிடப்படுகிறது. வாடகையும் பாலும் சுவிஸ் பிராங்கில். 1970இல் ஒரு டாலருக்கு நான்கு பிராங்குக்கு மேல் கிடைத்தது. 1978இல் இரண்டு பிராங்குகூடக் கிடைக்கவில்லை. சரிக்கட்டு என்ற ஒன்று இல்லாதிருந்தால் அந்த எட்டு ஆண்டுகளில் ஜெனீவா ஊழியரின் அடுப்பு பாதி அணைந்திருக்கும். ஆகவே மாதந்தோறும் நாணய மாற்றைப் பார்த்துப் புள்ளியை மாற்றுகின்றனர். பிராங்கு வலுத்தால் புள்ளி ஏறும். சம்பளச் சீட்டில் டாலர் தொகை கூடும். 2015 ஜனவரி 15 அன்று சுவிஸ் மைய வங்கி யூரோவுக்கெதிரான கட்டுப்பாட்டை நீக்கியபோது பிராங்கு ஒரே நாளில் துள்ளி எழுந்தது. "அதற்குப் பின் என் சீட்டில் டாலர் கூடியது, அத்தை. ஆனால் அதை வைத்து ஒரு ரொட்டிகூட அதிகம் வாங்க முடியவில்லை. பிராங்குக் கணக்கில் பழைய இடத்திலேயே இருந்தேன். அம்மா மட்டும் டாலரை ரூபாயால் பெருக்கிப் பார்த்துவிட்டு, சம்பளம் கூடியிருக்கிறதே என்றாள்."

அதாவது, அந்த இரண்டாம் தொகை அவனுக்குச் சேர்ந்ததன்று. அந்த ஊருக்குச் சேர்ந்தது. வாடகைக்கும் கடைக்கும் போவதற்காக அவன் கை வழியே கடந்து செல்வது. வரி கிடையாது என்பதும் பாதி உண்மைதான். நாட்டு வரிக்கு மாற்றாக அமைப்பே ஓர் உள்வரியைப் பிடித்துக்கொண்டு, நிகரத் தொகையைத்தான் அடிப்படையாகக் காட்டுகிறது.

அவ்வளவும் கேட்டபின் எங்கள் வீட்டில் வெகுநேரம் பேச்சில்லை. அவனுக்குத் தெரியாத ஒரு காரணம் எங்களுக்கு இருந்தது.

நாங்கள் தில்லிக்கு வந்தது 1979இல். கரோல்பாக்கில் மொட்டைமாடியில் ஒற்றை அறை, பர்சாத்தி என்பார்கள். கோடையில் சூளை, குளிரில் கிணறு. அக்காலத்தில் மத்திய அரசு ஊழியர்க்கு நகர ஈட்டுப்படி என்று ஒன்று உண்டு. பெருநகரில் வாழ்பவர்க்கு விலைவாசி மிகுதி என்று சிறிது சேர்த்துக் கொடுப்பார்கள். (2008இல் ஆறாம் ஊதியக் குழுவின் பரிந்துரைப்படி அதனை நிறுத்திப் போக்குவரத்துப்படியோடு சேர்த்துவிட்டார்கள்.) அந்தப் படியையும் சேர்த்துக் கூட்டி, "தில்லியில் இவ்வளவு சம்பளம்" என்று ஊரில் பெருமையாக எழுதியது எங்கள் பிழை. முதல் குளிர் வந்தது. ஆளுக்கொரு ரஜாய், கம்பளிச் சட்டை, கணப்புக்குக் கரி. ஊரில் எவருக்கும் இவை ஒரு செலவாகவே தோன்றாது. ஏனெனில் இவை ஊரில் இல்லை. அந்த மார்கழியில் நூறு ரூபாய் மணியார்டருக்குப் பதில் ஐம்பதுதான் அனுப்பினோம். தந்தையார் ஓர் இன்லண்டு கடிதம் எழுதினார். கோபமாக ஒன்றும் இல்லை. 'பெரிய ஊர்ச் சம்பளம் பெரிய ஊரிலேயே தங்கிவிடுகிறது போலும்' என்ற ஒரே வரி. அதற்கு நாங்கள் பதில் எழுதவில்லை. ரஜாயின் விலையை எழுதி என்ன பயன் என்று விட்டுவிட்டோம். அவர் 1986இல் காலமானார். அந்தக் கடிதம் இன்னும் எங்கள் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. அன்றிரவு அதை எடுத்து மருமகனிடம் கொடுத்தோம். படித்துவிட்டுச் சிரித்தான். "தாத்தா உங்களைவிட மரியாதையாக எழுதியிருக்கிறார், மாமா" என்றான்.

நம் அரசுச் சம்பளத்தையும் அவன் சம்பளத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரு வேற்றுமை கண்ணில் படுகிறது. நம் அகவிலைப்படி காலத்தைத் தொடர்ந்து ஓடுகிறது. தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டைக் கொண்டு, ஜனவரி முதலும் ஜூலை முதலும் என ஆண்டுக்கு இருமுறை. ஆனால் நாடு முழுவதற்கும் ஒரே விழுக்காடு; தூத்துக்குடியிலிருப்பவர்க்கும் தில்லியிலிருப்பவர்க்கும் ஒன்றே. ஊருக்கு ஊர் வேற்றுமை வீட்டு வாடகைப்படியிலும் போக்குவரத்துப்படியிலும்தான் தெரியும். ஏழாம் ஊதியக் குழுவின் பின் வாடகைப்படிக்கு ஊர்களை மூன்று வகையாக்கி நூற்றுக்கு 24, 16, 8 என்று வைத்தார்கள். 2024 ஜனவரியில் அகவிலைப்படி ஐம்பதைத் தொட்டதும் அவை 30, 20, 10 ஆயின. சென்னையும் தில்லியும் ஒரே முதல் வகை. குளிர்காலம் என்ற ஒன்று சென்னையில் இல்லை என்பது அந்தக் கணக்கில் ஏறவில்லை. பன்னாட்டு அமைப்பார் ஊருக்கு ஊர் கடையில் ஏறி இறங்கி விலை கேட்கின்றனர். அதிலே அவர்கள் நம்மைவிட நுட்பம்தான்.

நுட்பம் என்றதனால் பிழையே இல்லை என்று எண்ண வேண்டாம். 2016இல் எடுத்த கணக்கெடுப்பின் பேரில், ஜெனீவாவில் சம்பளம் நூற்றுக்கு ஏழுக்கு மேல் குறைய வேண்டும் என்று 2017இல் ஆணையம் சொல்லிற்று. அமைப்புகளின் புள்ளியியலாளர்களே முறையில் குறை கண்டனர். பின்னர் அது ஏறக்குறைய ஐந்தாகத் தணிந்தது. 2018இல் ஜெனீவா ஊழியர்கள் வேலைநிறுத்தமும் செய்தனர். எங்கள் கடிதம் அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது அந்த ஆண்டிலேதான்! வழக்கு நடந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் தீர்ப்பாயம் 2019 ஜூலையில் அந்தக் குறைப்பைச் செல்லாது என்றது. புள்ளியைத் தானே முடிவு செய்யும் அதிகாரம் ஆணையத்துக்கு அதன் சட்டவிதிகளில் இல்லை என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் அந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குட்பட்டவை உலக சுகாதார நிறுவனம் போன்ற சில அமைப்புகளே. ஐக்கிய நாடுகள் செயலகத்தாருக்கு வேறு தீர்ப்பாயம். அங்கே 2021இல் ஊழியர்கள் தோற்றனர். இதன் விளைவாகச் சில காலம், ஒரே நகரில், ஒரே படிநிலையில் இருந்த இருவர்க்கு இரண்டு விதமான சரிக்கட்டுத் தொகை வந்தது. ஒரே மாடிப்படியில் ஏறுபவர், ஒரே கடையில் பால் வாங்குபவர்; பாலின் விலை மட்டும் அவரவர் தீர்ப்பாயத்தைப் பொறுத்தது போலும்!

மற்றொரு நெருடலும் உண்டு. அது நம் தில்லியிலேயே காணக் கிடைப்பது. இங்குள்ள ஐக்கிய நாடுகள் அலுவலகங்களில் வெளிநாட்டிலிருந்து அமர்த்தப்பட்டவர்க்கே இந்தச் சரிக்கட்டு. உள்ளூரில் அமர்த்தப்பட்ட எழுத்தருக்கும் ஓட்டுநருக்கும் வேறு நெறி. 1949இல் பிளெமிங் என்பார் தலைமையிலான குழு வகுத்தது அது: அந்தந்த ஊரில் நல்ல ஊதியம் தரும் நிறுவனங்களை ஆய்ந்து, அவற்றுள் சிறந்தவற்றுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்பது. ஊர்க் கணக்குக்கு அது நல்ல சம்பளமே. ஆயினும் ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு நியூயார்க் அளவுகோல், ஒருவருக்குத் தில்லி அளவுகோல். இதற்கு நியாயம் சொல்ல முடியும். எங்களாலேயே சொல்ல முடிகிறது. சொல்லிவிட்டு அந்த ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதுதான் கடினம்.

மருமகன் ஊருக்குப் போனான். மேற்கு அறைகளின் கூரை அந்தத் தை மாதம் முடிந்தது. கிழக்குப் பகுதி தார்ப்பாய் மூடிக் கிடந்தது. அக்காளிடம் நாங்கள் சொன்ன விளக்கம் எதுவும் ஏறவில்லை. "நீயும் அவன் பக்கம் சேர்ந்துவிட்டாய்" என்றாள்.

2021இல் அவனை நைரோபிக்கு மாற்றினார்கள். அங்கும் ஐக்கிய நாடுகளின் பெரிய அலுவலகம் உண்டு. அடுத்த வாரமே அக்காளிடமிருந்து தொலைபேசி, குரல் நடுங்கிற்று. "பிள்ளையின் சம்பளத்தைக் குறைத்துவிட்டார்களாம். என்ன தப்புச் செய்தான், தம்பி? மறைக்காமல் சொல்." தப்பு ஒன்றும் இல்லை, அந்த ஊரில் விலை குறைவு, ஆகவே சரிக்கட்டும் குறைவு என்றோம். நம்பவில்லை. ஆனால் மாதம் பிறந்ததும், வீட்டுக்கு அவன் வழக்கமாக அனுப்பும் தொகை ஒரு ரூபாயும் குறையாமல் வந்தது. அதற்கடுத்த மாதமும் வந்தது. ஊரைவிட்டு வெளியே செலவழிப்பதற்கென்றும் அந்தக் குறியீட்டில் ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். பெற்றோர்க்கு அனுப்புவது அந்தப் பங்கில்தான் அடங்கும். அக்காளுக்குக் குறியீடு தெரியாது. சம்பளம் குறைந்தும் பணம் குறையவில்லையே என்பதுதான் அவளை உலுக்கியது.

அதன்பின் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மருமகளைத் தொலைபேசியில் அழைத்து, நைரோபியில் தக்காளி என்ன விலை, பால் என்ன விலை, பேரனுக்கு முடிவெட்ட என்ன கூலி என்று கேட்டு, பழைய நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதலானாள். பக்கத்தில் பாளையங்கோட்டை விலை. பிறகு மூன்றாவதாக ஒரு கோடு போட்டு, "ஜெனீவாவில் இதெல்லாம் என்ன விலைக்கு வாங்கினாய்?" என்று மருமகளைக் கேட்டாளாம். வீட்டு வாடகையைக் கேட்டதும் எழுதுவதை நிறுத்திவிட்டு, "இதை ஏனடி அப்போதே சொல்லவில்லை?" என்றாளாம். சொல்லாமலா இருந்தார்கள்!

கிழக்குப் பகுதிக் கூரை 2022இல் முடிந்தது. பால் காய்ச்சும் நாளுக்கு நாங்கள் போயிருந்தோம். தந்தையார் சாய்வு நாற்காலி போட்டிருந்த இடத்தில் புது ஓட்டின் மணம் இருந்தது.

தில்லிக்குத் திரும்பிய பின் ஒரு வெள்ளிக்கிழமை மாலை எங்கள் வீட்டிலும் மணி அடித்தது. அக்காள்தான். நலம் விசாரித்துவிட்டு, "அங்கே முருங்கைக்காய் என்ன விலை?" என்று கேட்டாள். நாற்பத்து மூன்று ஆண்டுகளில் ஊரிலிருந்து எவரும் எங்களைக் கேட்காத கேள்வி அது. அன்று காலை ஐ.என்.ஏ. சந்தையில் கொடுத்த விலையைச் சொன்னோம். சற்று நேரம் மறுமுனையில் தாள் புரளும் ஓசை மட்டும் கேட்டது.

"ரஜாய்?" என்றாள்.